பறக்கும் ஆந்தையைப் படமெடுக்க: அனுமதிக் கடிதம் முதல் இறுதிக் கோப்பு வரை

பறக்கும் ஆந்தையைப் படமெடுப்பது பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை இங்கிலாந்திலும் கனடாவிலும் இருப்பவர்கள் எழுதியவை. இங்கிலாந்தில் குளிர்கால மாலைகளில் கூகை (வெண்முக ஆந்தை) வெளிச்சம் இருக்கும்போதே புல்வெளியின் மேல் தாழப் பறந்து எலி தேடும். கனடாவின் பனி ஆந்தை பகலிலேயே வேட்டையாடும். அந்தக் குறிப்புகளில் உள்ள நேரத்தையும் ஷட்டர் வேகத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டு வயல்வெளிக்குப் போனால் நினைவக அட்டையில் மிஞ்சுவது இருண்ட சட்டகங்கள்தான். நம் ஊர்க் கூகை நன்றாக இருட்டிய பிறகே வெளியே வருகிறது. நம் ஊர் அந்தியும் மிகக் குறுகியது. ஆகவே நம் வெளிச்சத்தையும் நம் ஆந்தைகளையும் நம் அலுவலகங்களையும் மட்டும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். துளை, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ ஆகிய மூன்றும் உங்களுக்குப் பழக்கமானவை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

1. எந்த ஆந்தை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தொடக்கத்துக்குப் புள்ளி ஆந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 21 செ.மீ. நீளமுள்ள இந்தச் சிறிய பறவை ஊருக்குள்ளேயே, ஆலமரம், புளியமரம் போன்ற முதிய மரங்களின் பொந்துகளிலும் பழைய கட்டடச் சுவர்களின் ஓட்டைகளிலும் இணையாகவோ குடும்பமாகவோ வாழ்கிறது. சூரியன் மறையும் முன்பே பொந்தின் வாயில் வந்து உட்காரும். குளிர்காலக் காலைகளில் அங்கேயே வெயில் காயும். வெளிச்சமுள்ளபோதே மரம் விட்டு மரம் மாறுவதும் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமாக, தனக்குப் பிடித்த ஒரு கிளையிலோ கம்பத்திலோ அமர்ந்து தரையில் ஊரும் பூச்சியைக் கண்டதும் இறங்கி, மறுபடி அதே இடத்துக்கோ பக்கத்து இடத்துக்கோ திரும்பிவரும் வழக்கம் இதற்கு இருக்கிறது. பறத்தலைப் படமெடுக்க நினைப்பவருக்கு விலை உயர்ந்த லென்ஸைக் காட்டிலும் இந்த ஒரு வழக்கம் அதிகம் உதவும்.

கொம்பன் ஆந்தை பெரியது, அதன் சிறகடிப்பும் நிதானமானது என்பதால் ஃபோகஸ் பிடிப்பது எளிது. ஆனால் அது இருக்கும் பாறைக் குன்றுகளும் கல்குவாரிகளும் ஓடைச் சரிவுகளும் புதியவர் இருட்டில் நடமாட ஏற்ற இடங்கள் அல்ல. அதை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூகையை ஃபிளாஷோ அகச்சிவப்புத் தூண்டுகருவியோ இல்லாமல் பறக்கும் நிலையில் எடுப்பது நம் ஊரில் மிகக் கடினம். அது தனிக் கலை, இங்கே பேசப்போவதில்லை. வெயிலில் பறக்கும் ஆந்தைதான் வேண்டும் என்றால், குளிர்காலத்தில் வலசை வந்து பகல் வெளிச்சத்திலும் இரை தேடும் குட்டைக்காது ஆந்தையைப் பார்க்கக் குஜராத்தின் சிறிய ரண் பகுதிக்குச் செல்லலாம். பயணச் செலவு அதிகம்தான், வெளிச்சம் தாராளம்.

2. வெளிச்சக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்

புதியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தெளிந்த வானத்தில் சூரியன் மறையும் கணத்தில் திறந்த வெளியில் ஏறத்தாழ 400 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும்போது அது 3.4 லக்ஸ் அளவுக்குக் குறைந்துவிடும். இந்த வீழ்ச்சி ஏறத்தாழ ஏழு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). லண்டனில் ஜூன் மாதத்தில் இதற்கு முக்கால் மணி நேரத்துக்கும் மேலாகிறது; தமிழ்நாட்டில் 24 நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது. அதாவது, சூரியன் மறைந்த பிறகு சராசரியாக மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் வெளிச்சத்தை இழக்கிறீர்கள்.

இனி உங்கள் லென்ஸைக் கணக்கில் சேருங்கள். எஃப் 5.6 துளையும் 1/1600 ஷட்டர் வேகமும் வைத்தால் அந்த 400 லக்ஸ் வெளிச்சத்துக்கே ஐஎஸ்ஓ 32000 அளவுக்குப் போக வேண்டியிருக்கும். எஃப் 2.8 லென்ஸானால் 8000 போதும். ஷட்டரைக் குறைத்துச் சமாளிக்கலாமா என்றால், விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் குறுக்கே போகும் பறவை 1/500 விநாடியில் 16 மி.மீ. நகர்ந்துவிடுகிறது, 1/2500 வைத்தால் 3 மி.மீ.க்குச் சற்று மேல். சிறகின் நுனி உடலைவிட வேகமாக நகர்கிறது. எனவே குறுக்கே பறக்கும் புள்ளி ஆந்தைக்கு 1/1600-க்குக் கீழே போவதில் பயனில்லை. 1/2500 கிடைத்தால் நல்லது.

இதிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, மாலையில் நீங்கள் வேலை செய்யக்கூடிய நேரம் சூரியன் மறைவதற்கு முந்தைய அரைமணி நேரம். மறைந்த பிறகு அல்ல. இரண்டாவது, மறைந்த பிறகும் மேற்கு வானம் தரையைவிடப் பல ஸ்டாப் வெளிச்சமாகவே இருக்கும் என்பதால், அந்த நேரத்தில் பறவையை வானத்துக்கு எதிரே வைத்து நிழலுருவமாக எடுக்கலாம். மூன்றாவது, காலை நேரமே புதியவருக்கு உகந்தது. மாலையில் நிமிடத்துக்கு நிமிடம் வெளிச்சத்தை இழந்துகொண்டு பதறுகிறோம். காலையில் அதே வெளிச்சம் ஏறிக்கொண்டே வருகிறது, பறவையும் தெரிந்த பொந்தை நோக்கி முகத்தைக் காட்டியபடி திரும்பி வருகிறது. பலர் மாலையையே விரும்புவது தூக்கத்தின் பொருட்டுதான் என்பது என் எண்ணம்.

பருவத்தையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். புள்ளி ஆந்தை பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை இனப்பெருக்கம் செய்கிறது. அந்த மாதங்களில் பொந்தின் அருகே காத்திருப்பதைத் தவிர்த்து, மே முதல் செப்டம்பர் வரையான காலத்தைத் தேர்ந்தெடுங்கள். குஞ்சுகள் வெளியே வந்து குடும்பமாகத் திரியும் நாட்கள் அவை. கோடை மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் மாலையைத் தவறவிடக் கூடாது. அன்றைக்கு ஆந்தைகள் சீக்கிரமாகவே வெளியே வந்து, ஒரே சிறு பரப்புக்குள் மீண்டும் மீண்டும் பறக்கும்.

3. அனுமதியும் ஆவணங்களும்

முதல் எச்சரிக்கை: ஊருக்குள் என்பதால் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நினைக்காதீர்கள். ஆந்தையை அபசகுனம் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். மாந்திரீகத்துக்காக ஆந்தையைப் பிடித்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அந்தி நேரத்தில் நீண்ட லென்ஸோடு ஒரு புளியமரத்தைச் சுற்றும் வெளியூர்க்காரரை ஊர் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு. ஆதார் நகல், நீங்கள் முன்பு எடுத்த பறவைப் படங்களின் அச்சுப் பிரதிகள் இரண்டு மூன்று, வாகனப் பதிவுச் சான்றின் நகல் ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு எப்போதும் பையில் வைத்திருங்கள். அச்சுப் படத்தைக் காட்டி விளக்கினால் ஐந்து நிமிடத்தில் தீரும் பேச்சு, கைபேசித் திரையைக் காட்டினால் அரைமணி நேரம் இழுக்கும்.

தனியார் தோப்பு, வயல் என்றால் உரிமையாளரிடம் வாய்மொழி அனுமதி போதாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த நேரத்தில், எத்தனை பேர், எந்த வண்டி என்ற விவரங்களோடு ஒரு பக்கக் கடிதம் எழுதி அவரிடம் கையொப்பம் பெற்று, அதில் அவருடைய கைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். நிலம் குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் பயிர் வைத்திருப்பவரிடமும் தனியாகக் கேளுங்கள். வரப்பில் நடக்கப்போவது அவருடைய பயிருக்கு நடுவில்தான். இயங்கும் கல்குவாரியானால் குத்தகைதாரரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு வெடி வைக்கும் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்வது கட்டாயம்.

கோயில்களில் இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். அறநிலையத் துறையின் கீழுள்ள கோயிலுக்குச் செயல் அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் கையில் பிடித்து நிழற்படம் எடுக்கத் தடையில்லை என்றாலும், முக்காலி வைக்கத் தனி அனுமதி வேண்டும். அவற்றில் பல சூரியன் மறைந்ததும் மூடப்பட்டுவிடும். ஆகவே ஆந்தைக்காக அங்கே அலைவது அநேகமாக வீண்.

காட்டைப் பொறுத்தவரை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 28-ஆம் பிரிவின்படி சரணாலயத்துக்குள் படமெடுப்பதற்கான அனுமதியை வழங்கும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் இருக்கிறது. விண்ணப்பத்தில் நோக்கம், தேதிகள், எந்த வனச்சரகம், உடன் வருபவர்களின் அடையாளச் சான்றுகள், கேமரா மற்றும் லென்ஸின் வரிசை எண்கள், வாகன எண் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். அதன் நகலை அந்தப் பகுதியின் மாவட்ட வன அலுவலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் பிரதியில் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத பிரதியை வைத்துக்கொண்டு அடுத்த முறை போய்க் கேட்டால், விண்ணப்பம் வந்ததாகவே தெரியவில்லை என்ற பதில்தான் கிடைக்கும். இரண்டு மாத அவகாசமாவது வைத்துத் திட்டமிடுங்கள். சுற்றுலாப் பயணியாக நுழைவுச் சீட்டும் கேமராக் கட்டணமும் செலுத்திச் சஃபாரி வண்டியில் போவதற்கு இத்தனை தாள்கள் தேவையில்லை. ஆனால் அந்த வண்டிகள் இருட்டும் முன் வாயிலுக்குத் திரும்பிவிடும். புதியவருக்குக் காடு தேவையில்லை என்பதே என் முடிவு.

பலர் சிக்கும் பொறி காப்புக்காட்டின் எல்லை. குன்றடிவாரத்தில் வேலியும் பலகையும் இல்லாத இடத்தில் ஓர் எல்லைக் கல் மட்டுமே இருக்கும். அதைத் தாண்டி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டத்தின் கீழ்க் குற்றம். உள்ளூர் வழிகாட்டி "ஒண்ணும் சொல்ல மாட்டாங்க சார்" என்று அழைத்துப் போவார். அபராத ரசீதில் எழுதப்படுவது உங்கள் பெயர்தான்.

4. கருவிகளும் செலவும்

புதிதாக வாங்காதீர்கள், முதல் பருவத்துக்கு வாடகைக்கு எடுங்கள். பெரிய நகரங்களில் 150–600 அல்லது 200–600 மி.மீ. லென்ஸ் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாரக் கணக்கில் எடுத்தால் குறையும். அசல் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, முன்பணம் அல்லது காசோலை கேட்பார்கள். எடுக்கும்போதே லென்ஸின் முன் கண்ணாடி, பின் இணைப்பு, நிலைப்படுத்தி, ஃபோகஸ் பொத்தான்கள் ஆகியவற்றைக் கடைக்காரர் முன்னிலையிலேயே காணொளியாகப் பதிவு செய்துவிடுங்கள். முன்பே இருந்த கீறலுக்கு முன்பணத்தில் பிடித்தம் செய்யும் கடைகள் உண்டு. "ஒரு நாள்" என்பது இருபத்து நான்கு மணி நேரமா, கடை மூடும் நேரம் வரையா என்றும் கேளுங்கள். விடியற்காலை வேலைக்கு முந்தைய மாலையே எடுக்க வேண்டியிருப்பதால் பல இடங்களில் இரண்டு நாள் வாடகை விழும்.

புள்ளி ஆந்தைக்கு 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ், பழைய மாதிரியாக இருந்தாலும், எஃப் 6.3-ல் முடியும் நீண்ட ஜூம் லென்ஸைவிட நன்றாகவே வேலை செய்யும். ஊர் ஆந்தை மனிதருக்குப் பழகியது, தூரம் அதிகமிருக்காது. லென்ஸோடு இணைக்கும் 1.4 மடங்கு பெருக்கி வாங்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். அது ஒரு முழு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும், நம்மிடம் கொடுப்பதற்கு அந்த ஒரு ஸ்டாப் இல்லை.

சொந்தமாக வாங்கும்போது உங்கள் பெயரிலேயே ஜிஎஸ்டி ரசீது பெறுங்கள். திருட்டுக்கும் விபத்துக்கும் காப்பீடு எடுக்கவும், தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கவும் வரிசை எண்ணோடு கூடிய அந்த ரசீதைத்தான் கேட்பார்கள். பழைய பொருள் வாங்கினால் விற்பவரிடமிருந்து மூல ரசீதையும் ஒரு விற்பனைக் கடிதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். இவற்றோடு முழங்கால் வரையான காலணியும் நல்ல டார்ச்சும் செலவுக் கணக்கில் சேர வேண்டும். கண்ணாடி விரியன் நடமாடுவதும் அந்தி சாய்ந்த பிறகுதான்.

5. ஆந்தையின் வழியைக் கண்டுபிடியுங்கள்

சில மாலைகள் கேமரா இல்லாமல் போய் உட்காருங்கள். மரத்தடியில் சுண்ணாம்பு தெளித்தாற்போன்ற எச்சமும், பூச்சி ஓடுகளும் சிற்றெலும்புகளும் கலந்து ஆந்தை வாய்வழியே உமிழ்ந்த கட்டிகளும் கிடந்தால் அதற்கு நேர் மேலே வழக்கமான இருக்கை இருக்கிறது என்று பொருள். பொந்திலிருந்து எந்தக் கிளைக்கு, அங்கிருந்து எந்தக் கம்பத்துக்கு, கம்பத்திலிருந்து எந்தப் பக்கம் தரைக்கு என்று ஒரு வரைபடம் போடுங்கள். புறப்படும் நேரத்தையும் சூரியன் மறையும் நேரத்தையும் அடுத்தடுத்து எழுதுங்கள். பறவை பெரும்பாலும் காற்றை எதிர்த்தே கிளம்பும் என்பதால் காற்றின் திசையையும் குறிக்க வேண்டும்.

வரைபடத்தில் பறவை திரும்பத் திரும்பப் போகும் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டுக்குப் பக்கவாட்டில், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, 12 முதல் 15 மீட்டர் தள்ளி இடம் பிடியுங்கள். 500 மி.மீ. லென்ஸில் எஃப் 5.6 துளையில் 15 மீட்டர் தூரத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம் முழுச்சட்டகக் கேமராவில் ஏறத்தாழ 30 செ.மீ. மட்டுமே. பறவை உங்களுக்கு இணையாகக் கடந்தால் அந்த ஆழத்துக்குள்ளேயே சில மீட்டர் தூரம் இருக்கும். உங்களை நோக்கி வந்தால் ஒரு சிறகடிப்பில் தாண்டிவிடும். பின்னணி மிகத் தொலைவில் இருக்கட்டும். பின்னால் உள்ள கருவேல முட்களில் ஃபோகஸ் போய் உட்கார்ந்துவிட்டால் மீட்டெடுப்பதற்குள் ஆந்தை கண்ணிலிருந்து மறைந்திருக்கும்.

தெருவிளக்கின் கீழே பூச்சி பிடிக்கும் ஆந்தை ஆசை காட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி எழுகிறது. உயர் ஷட்டர் வேகத்தில் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும், சிலவற்றில் குறுக்கே பட்டைகளாகவும் விழும். உங்கள் கேமராவில் மினுமினுப்பைக் குறைக்கும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிடுவது நல்லது.

6. கேமராவை அமைக்கும் முறை

மேனுவல் நிலையில் துளையை முழுவதும் திறந்து, ஷட்டரை 1/2000-ல் நிறுத்துங்கள். தானியங்கி ஐஎஸ்ஓ வசதியாகத் தோன்றினாலும், பறவை மரத்தின் இருளிலிருந்து வானத்தின் வெளிச்சத்துக்குள் நுழையும் நொடியில் கேமரா ஏமாந்து பறவையைக் கறுப்பாக்கிவிடும். மரப்பட்டையின் மேலோ புல்லின் மேலோ வெளிச்சத்தை அளவெடுத்து ஐஎஸ்ஓவையும் நிலையாக வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுத்து மாற்றுங்கள். ஐஎஸ்ஓவுக்குப் பயந்து ஷட்டரைக் குறைக்காதீர்கள். உயர் ஐஎஸ்ஓவில் படத்தில் விழும் புள்ளிகளை, அதாவது இரைச்சலை, மென்பொருள் குறைக்கும், அசைவினால் வரும் மங்கலை எதுவும் சரிசெய்யாது.

ஃபோகஸ் தொடர் நிலையில் இருக்க வேண்டும். அதை இயக்குவது கேமராவின் பின்புறப் பொத்தானாக இருந்தால் இன்னும் நல்லது. பறவைக் கண்ணை அறியும் வசதி ஆந்தை உங்களைப் பார்க்கும்போது பிரமாதமாக வேலை செய்யும்; தலையைத் திருப்பிக்கொண்டாலோ கிளை குறுக்கிட்டாலோ வேறெங்கோ தாவும். எனவே நடுவில் நடுத்தர அளவுள்ள பகுதியை வைத்து அதற்குள் கண்ணறிதலை இயக்குங்கள். லென்ஸில் தூர வரம்புப் பொத்தான் இருந்தால் அருகிலுள்ள தூரங்களை விலக்கிவிடுங்கள்.

மின்னணு ஷட்டர் சத்தமில்லாதது என்பதால் கை அங்கே போகும். சென்சார் மெதுவாக வாசிக்கும் கேமராக்களில் அது சிறகை வளைத்துக் காட்டும். வீட்டில் மின்விசிறியை ஓடவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இறக்கைகள் கோணலாகத் தெரிந்தால் இயந்திர ஷட்டரையே பயன்படுத்துங்கள். பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய அரை விநாடியையும் சேமிக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால், இந்த வேலைக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஆனால் சில மாதிரிகளில் அந்த வசதி ஜேபெக் கோப்பை மட்டுமே தரும். வாங்குமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

7. கிளம்பும் நொடியை எதிர்பார்த்தல்

புள்ளி ஆந்தை கிளம்பப் போவதைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பும். முதலில் தலையை மேலும் கீழுமாக ஆட்டி ஓரிடத்தை உற்றுப் பார்க்கும். தூரத்தை அளப்பதற்கான ஆட்டம் அது. அடுத்து, உப்பியிருந்த இறகுகள் உடலோடு ஒட்டிப் பறவை சட்டென்று மெலிந்து தெரியும். பல நேரங்களில் எச்சமிடும். பிறகு மார்பு முன்னால் சாய்ந்து, கால்கள் மடியும். இறகு ஒட்டும்போதே தொடர்படம் எடுக்கத் தொடங்குங்கள்; கால் மடியும்போது அழுத்தினால் தாமதம்தான். கிளம்பியதும் சில வேகமான சிறகடிப்புகள், பிறகு சிறகை மடக்கி ஒரு சறுக்கல் என்று அலை அலையாகப் போகும். சறுக்கும்போது எடுத்த படங்களில் சிறகே தெரியாது. ஆகவே கிளம்பும் இரண்டு மீட்டரும் அமர வரும் இரண்டு மீட்டரும்தான் பயனுள்ளவை. சட்டகத்தில் பறவையை நிரப்பாமல், பறக்கும் திசையில் இடம் விட்டு, கிளையைச் சட்டகத்தின் ஓரத்தில் வையுங்கள்.

கல்லெறிந்தோ கைதட்டியோ கிளப்பிவிட்டு எடுக்கும் படம் பார்த்தவுடனே தெரிந்துவிடும். பறவை முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருக்கும். எலியைக் கட்டி வைப்பது, கைபேசியில் குரலை ஒலிக்கவிடுவது, இருட்டில் முகத்துக்கு நேரே டார்ச் அடிப்பது ஆகியவற்றையும் செய்யாதீர்கள். ஆந்தை கண்ணை அகல விரித்து உங்களையே வெறித்துப் பார்த்தாலோ, விடாமல் கத்தினாலோ நீங்கள் நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள்.

8. கோப்புகளைத் தேர்ந்தெடுத்தல்

அன்றிரவே இரண்டு இடங்களில் நகல் எடுத்துவிட்டுத் தூங்குங்கள். தேர்வை மறுநாள் செய்யுங்கள். முதல் சுற்றில் கண் கூர்மையாக இல்லாத எல்லாவற்றையும் நீக்குங்கள். தூரச் சிறகு மங்கியிருந்தால் பரவாயில்லை. இரண்டாம் சுற்றில் சிறகின் நிலையைப் பாருங்கள்: முழுவதும் மேலே அல்லது முழுவதும் கீழே விரிந்தவை நிற்கும், நடுநிலையில் தட்டையாக இருப்பவை பெரும்பாலும் நிற்காது. விநாடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவில் ஒரு விநாடிக்கே அரை ஜிபி அளவுக்குக் கோப்புகள் சேரும் என்பதால் இரக்கமின்றி அழிக்கப் பழகுங்கள்.

9. செயலாக்கம்

படத்தைச் செயலாக்கும் மென்பொருள்களில் லைட்ரூமுக்கு மாதச் சந்தா உண்டு. டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். எதை எடுத்தாலும் வேலையின் வரிசை மாறக் கூடாது.

முதலில் இரைச்சல் நீக்கம். லைட்ரூமின் செயற்கை நுண்ணறிவு இரைச்சல் நீக்கி ரா கோப்பில்தான் (கேமரா பதிந்தபடியே உள்ள, செயலாக்காத கோப்பு) சரியாக வேலை செய்யும். வரைகலை அட்டை இல்லாத பழைய கணினியில் ஒரு படத்துக்கே பல நிமிடங்கள் ஆகும், கூடவே புதிதாக ஒரு பெரிய கோப்பையும் உருவாக்கக்கூடும். ஆகவே இறுதியாகத் தேர்ந்தெடுத்தவற்றுக்கு மட்டும் செய்யுங்கள். அளவை 50-ல் விடாமல் 30 அருகே தொடங்குங்கள். ஆந்தையின் இறகு மற்றப் பறவைகளின் இறகைப் போன்றதல்ல; மேற்பரப்பு வெல்வெட் போல மென்மையானது, சிறகின் பின்விளிம்பு நூல் பிரிந்தாற்போல் இருக்கும். ஓசையின்றிப் பறக்க உதவும் இந்த அமைப்பை மென்பொருள் இரைச்சல் என்று எண்ணி வழித்துவிடுகிறது. பிறகு கூர்மையைக் கூட்டினால் இல்லாத கோடுகள் முளைத்து இறகு மீன் செதிலாகிவிடும். பெரிதாக்கிப் பின்விளிம்பைப் பாருங்கள். அந்தப் பிசிறு போய்விட்டிருந்தால் அளவைக் குறையுங்கள்.

அடுத்தது வெண்சமநிலை. அந்தி வெளிச்சம் நீலம் சார்ந்தது; தானியங்கி அமைப்பு அதை முழுவதும் நீக்கினால் நண்பகலில் எடுத்ததைப்போல் ஆகிவிடும், பிறகு அந்த இரைச்சலுக்கு விளக்கம் சொல்ல முடியாது. 5500 முதல் 6500 கெல்வினுக்குள் நிறுத்திக் கொஞ்சம் நீலத்தை விட்டுவையுங்கள். மஞ்சள் சோடியம் விளக்கின் கீழ் எடுத்தவற்றில் மற்ற நிறங்கள் சரியாகப் பதிவாகியிருக்காது. அவற்றைக் கறுப்பு வெள்ளையாக்குவதே நேர்மையான வழி.

பிறகு பறவையையும் பின்னணியையும் தனித்தனி முகமூடிகளாக (ஒரு பகுதியை மட்டும் திருத்துவதற்கான தேர்வுகளாக) பிரியுங்கள். பறவைக்கு நிழலை ஒரு ஸ்டாப்புக்குள் உயர்த்தி, நெற்றியிலும் தோளிலும் உள்ள வெண்புள்ளிகள் வெளிறிவிடாமல் உச்ச வெளிச்சத்தை இறக்குங்கள். பின்னணிக்குக் கூர்மையைக் குறைத்து, இரைச்சல் நீக்கத்தை மட்டும் கூட்டுங்கள். தானாக உருவாகும் முகமூடி சிறகின் நுனி இறகுகளுக்கு இடையிலுள்ள வானத்தைப் பறவையோடு சேர்த்துவிடும். தூரிகையால் அதைக் கழிக்காவிட்டால் சிறகைச் சுற்றி ஒளிவிளிம்பு தோன்றும். கூர்மையை முகத்துக்கும் கண்ணுக்கும் மட்டும் கொடுங்கள். மஞ்சள் விழியின் நிறத்தைக் கூட்டும் ஆசையை அடக்குங்கள். இல்லாத ஒளிப்புள்ளியைக் கண்ணில் வைக்காதீர்கள். நிழலுருவப் படமானால் நிழலைத் தொடவே வேண்டாம்.

வெட்டுவது கடைசியில். மூலப் படத்தின் அகலத்தில் பாதிக்கும் கீழே போனால் மிஞ்சுவது கால்பங்குப் பிக்சல்கள். உயர் ஐஎஸ்ஓவில் அது தாங்காது.

10. வெளியிடுதலும் சேமித்தலும்

இணையத்துக்கு நீண்ட பக்கம் 2048 பிக்சல், எஸ்ஆர்ஜிபி நிறவெளி போதும். ஏற்றுமதி செய்யும்போது இடக்குறிப்பை நீக்கும் பெட்டியை மறக்காமல் தேர்ந்தெடுங்கள். கைபேசிச் செயலி இணைந்த கேமராக்கள் ஜிபிஎஸ் விவரத்தைத் தாமாகவே எழுதிவிடும். படத்தின் கீழே மாவட்டப் பெயருக்கு மேல் எதுவும் வேண்டாம். மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடிப்பது தீபாவளியை ஒட்டி அதிகரிப்பதால் அந்த வாரங்களில் புதிய படங்களை நிறுத்திவைப்பது நல்லது. பின்னணியில் கோயில் கோபுரமோ கடைப் பலகையோ தெரிந்தால் இடக்குறிப்பை நீக்கியும் பயனில்லை. அந்தப் படத்தை வெளியிடாதீர்கள்.

போட்டிக்கு அனுப்பும் எண்ணமிருந்தால் ரா கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். இறுதிச் சுற்றில் மூலக் கோப்பைக் கேட்பது வழக்கம். குறுக்கே வந்த ஒரு குச்சியை அழித்திருந்தாலும் பல போட்டிகளில் தகுதியிழப்பு. கூடருகே எடுத்த படங்களையும் பலர் ஏற்பதில்லை. எதையும் அழிக்காத பிரதி ஒன்றையும் நண்பர்களுக்கான பிரதி ஒன்றையும் வேறு வேறு பெயரில் சேமியுங்கள். அனுமதிக் கடிதத்தையும் ஸ்கேன் செய்து, படங்கள் இருக்கும் அதே கோப்புறையில் போட்டு வையுங்கள். எங்கே, யார் அனுமதியோடு எடுத்தது என்ற கேள்வி ஆண்டுகள் கழித்தும் வரும்.

நில உரிமையாளருக்கு ஏ4 அளவில் ஓர் அச்சுப் பிரதி கொடுத்துவிடுங்கள். 300 டிபிஐ அச்சுக்கு 3508 × 2480 பிக்சல் தேவை. வெட்டிய படத்தில் அவ்வளவு இல்லையென்றால் பாதி அளவில், பளபளப்பில்லாத காகிதத்தில் எடுங்கள், இரைச்சல் அதில் குறைவாகத் தெரியும். அடுத்த பருவத்துக்கான கடிதத்தில் கையொப்பத்தையும் அன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம்.